அழகர்கோவில் (வழி)

பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் இப்போது விதைநெல் இருக்கிறது. கறுப்புப் பெயிண்ட் உரிந்து ஓரமெல்லாம் துருவேறிவிட்டது. மூடியில் வெள்ளையில் எழுதியது மட்டும் போகவில்லை. மேலே படை எண், அதன் கீழே பெயர், அதற்கும் கீழே ஊர். கடைசி வரி தமிழில்: அழகர்கோவில் (வழி), மதுரை. எழுதியவர் வடக்கத்திப் பெயிண்டர். தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்திருக்கிறார். ‘ழ’வின் வால் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் நேரே கீழே இழுத்து விட்டுவிட்டார். பதினேழு வருஷம் ஊர் ஊராக மாற்றலாகிப் போன ஆளுக்கு முகவரி என்று மாறாமல் இருந்தது அந்த ஒரு வரிதான்.

ஒருநாள் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டுதான் அவரிடம் சொன்னேன். அமெரிக்காவில் ராணுவத்துக்கு வேண்டாமென்று ஆகிவிட்ட கட்டடங்களை வீடில்லாதவர்களுக்காகக் கேட்டு வாங்க 1987லேயே சட்டம் வந்துவிட்டது. படைத்தளங்களை மூடும்போது அந்த வட்டாரத்து வீடற்றோரின் தேவையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 1994இல் இன்னொரு சட்டம் வந்தது. நம்மூரிலும் அப்படிச் செய்தால் என்ன?

“செய்யட்டும், நல்லதுதான். ஆனா தம்பி, லைன்ல ஆளுக தங்கலாம். குடியிருக்க முடியாது.”

“ஏன் பெரியப்பா?”

“கட்டுனவன் அப்படிக் கட்டிருக்கான்.”

பட்டாளத்து லைன் எப்படி இருக்கும் என்று சொன்னார். நீண்ட ஹால், இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு அடியில் பெட்டி. ஆணி அடிக்கக் கூடாது. அடுப்பு கிடையாது, சாப்பாட்டுக்கு லங்கருக்குப் போக வேண்டும். உத்தரவு வந்தால் அரைமணி நேரத்தில் மொத்த ஹாலும் காலியாகிவிடும். காலியான பிறகு அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்ல ஒரு தடயமும் இருக்காது. அதற்காகவே கட்டிய இடம் அது. “எங்களுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்லை. வீடுதான் இங்க இருந்துச்சே” என்றார்.

தங்குவது, குடியிருப்பது என்று இரண்டு சொற்களைத் தமிழ் தனித்தனியாக வைத்திருக்கிறது. ரயிலுக்குக் காத்திருப்பவர் தங்குகிறார். கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி தங்குகிறார். அடுப்பும் முகவரியும் அண்டை வீட்டுச் சண்டையும் வந்த பிறகுதான் ஒருவர் குடியிருக்கிறார். தங்குவதில் குறைவு ஒன்றுமில்லை, திரும்பிப் போக ஓரிடம் இருக்கும்வரை. காலியான ராணுவக் குடியிருப்புகளை வீடில்லாதவர்களுக்குக் கொடுப்பது பற்றி உலகில் எங்கே பேச்சு நடந்தாலும் அது கடைசியில் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கிறது.

இதைச் சொல்ல எங்கள் சாலையைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அழகர்கோவிலில் இருந்து மதுரைக்கு வருகிற வழியில் பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன்திருப்பதி, சுந்தரராஜன்பட்டி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி. இந்த வழி முழுக்க மண்டபங்கள். கல்தூண் மண்டபம், காரைக் கட்டடம், நேற்றுக் கட்டிய கான்கிரீட் மண்டபம், இரும்பு கேட் போட்டு உபயதாரர் பெயரைச் சலவைக்கல்லில் பொறித்த மண்டபம். சித்திரையில் கள்ளர் வேடம் போட்டு மலையை விட்டு இறங்குகிற அழகர், ஆற்றுக்குப் போய்த் திரும்பும் வரை நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று போகிறார். சில மண்டபத்தில் ஓர் இரவு, சிலவற்றில் சூடம் காட்டி முடிக்கிற நேரம். மிச்ச நாளெல்லாம் அவை சும்மா கிடக்கின்றன. பட்டாளத்து லைனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டுமே வீடு உள்ள ஒருவர் வழியில் தங்கிப் போகக் கட்டியவை.

சும்மா கிடக்கின்றன என்று எழுதியது முழுக்கச் சரியில்லை. கேட் இல்லாத மண்டபங்களில் ஆள் இருக்கிறது. அம்மி கொத்துகிறவர்கள், பாய் விற்கிறவர்கள், கரும்பு வெட்டவும் செங்கல் அறுக்கவும் வந்து வேலை முடிந்தும் போக இடமில்லாதவர்கள். ஒரு பங்குனியில் இப்படியொரு மண்டபத்தில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த குடும்பம் சாமான்களை வேப்பமரத்தடிக்கு மாற்றியிருந்தது. இரண்டு அலுமினியக் குண்டான், ஒரு பிளாஸ்டிக் குடம், கொடியில் போட்டபடியே சுருட்டிக் கொண்டுவந்த துணி மூட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. அந்த அம்மா மூன்று கல்லை வைத்து உலை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“சாமி வர்றாருல்லய்யா, வெள்ளையடிக்கணும்னு சொன்னாக. திருவிழா முடிஞ்சதும் உள்ள வந்துக்கலாம்னு சொல்லியிருக்காக” என்றார். குரலில் குறை ஒன்றுமில்லை. அவர் குறைப்பட்டது வேறு ஒன்றுக்கு. “ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுத்தா வீட்டு அட்ரசு கேக்குறாக. மண்டபம்னு சொன்னா எழுத மாட்டேங்குறாக.”

பின்னால் தெரிந்துகொண்டேன்: அரசாங்கத்தின் கணக்கில் அந்த அம்மாவுக்கு இடம் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர் யார் என்று சொல்லும் இடத்தில், சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்டுக் குழாய், பாலத்தடி, படிக்கட்டடி, ரயில் மேடை, கோயில் என்று போகிற பட்டியலில் மண்டபமும் இருக்கிறது. 2011 பிப்ரவரி 28 இரவு நாடெங்கும் அப்படிப்பட்டவர்களை எண்ணினார்கள். மொத்தம் 17.7 லட்சம் பேர். அதில் ஏறத்தாழ 8.3 லட்சம் பேர் கிராமப்புறத்தில். முந்தைய பத்தாண்டில் கிராமத்துக் கணக்கு நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்து, நகரத்துக் கணக்கு ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருந்தது. கிராமத்தில் குறைந்தவர்களில் எத்தனை பேர் வீடு கட்டினார்கள், எத்தனை பேர் மதுரைக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏறினார்கள் என்று அந்த அட்டவணை சொல்லாது. வீடில்லை என்றாலே நகரத்து நடைபாதைதான் நம் கண்ணுக்கு வருகிறது. கிராமத்தில் வீடில்லாதவர் கண்ணில் படுவதில்லை. மண்டபம், களம், மாட்டுக்கொட்டகை, இன்னொருவர் தோட்டத்து மோட்டார் ரூம் என்று ஏதோ ஒன்றின் நிழலில் அவர் மறைந்துவிடுகிறார்.

படைக்காகக் கட்டியதை மக்கள் குடியிருப்பாக மாற்றிய கதைக்கு நாம் அமெரிக்கா வரை போயிருக்கவே வேண்டாம். மதுரை நகரமே அப்படி ஒரு கதைதான்.

விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்ததாகச் சொல்லும் மதுரைக் கோட்டைக்கு 72 கொத்தளங்கள். ஒரு பாளையத்துக்கு ஒரு கொத்தளம் என்பது கணக்கு. சுற்றிலும் அகழி. பாளையக்காரர் போர்களெல்லாம் ஓய்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்தக் கோட்டையால் உபயோகமில்லை. அகழியில் தண்ணீர் தேங்கி நாற, மதிலுக்குள் ஜனம் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தது. 1834 முதல் 1847 வரை இங்கே கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், கோட்டையை இடிப்பது என்று முடிவெடுத்தார். இடிக்கக் கூலி கொடுக்க வேண்டுமே? அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. மதிலை இடித்து அந்த மண்ணையும் கல்லையும் போட்டு அகழியைத் தூர்ப்பவருக்கு அந்த இடமே கிடைக்கும் என்றொரு ஏற்பாடு. ஜனம் கடப்பாரையோடு வந்தது. மதிலுக்கு வெளியே அகழி இருந்த இடம் வெளி வீதிகளாகவும், உள்ளே மதிலை ஒட்டிய இடம் மாரட் வீதிகளாகவும் பெருமாள் மேஸ்திரி வீதிகளாகவும் ஆயின. மாரட் என்பவர் நில அளவையாளர். பெருமாள் இடிப்பு வேலையை முன்னின்று நடத்திய மேஸ்திரி. ஒரு வெள்ளைக்காரருக்கும் ஒரு மேஸ்திரிக்கும் அடுத்தடுத்துத் தெரு வைத்த ஊர் வேறெங்காவது உண்டா, எனக்குத் தெரிந்து இல்லை. பிளாக்பர்னுக்கு மதுரைக்காரர்கள் நட்ட விளக்குத்தூணைச் சுற்றி இன்று ஜவுளிக்கடைகள். தூண் இருப்பதை நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. ‘விளக்குத்தூண்ல இறக்கி விடுங்க’ என்று ஆட்டோவில் சொல்லாதவர் கிடையாது.

கீழவாசல், மேலவாசல், தெற்குவாசல் என்று வாசல்கள் மட்டும் பெயராக நிற்கின்றன. கோட்டை இல்லை. பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கொத்தளத் துண்டு மிஞ்சியிருக்கிறது.

பிளாக்பர்னை ஏழைப் பங்காளர் என்று சொல்ல வரவில்லை. சர்க்கார் காசு செலவழியாமல் வேலை முடிய வேண்டும் என்பதே அவர் கவலை. கடப்பாரை பிடிக்க ஆள் வைக்க முடிந்தவருக்கு அதிக இடம் போயிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஆனால் ஒன்றை அவர் செய்தார். பாசறையில் வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. நிலத்தைக் கொடுத்தார். ஜனம் அதன்மேல் தன் இஷ்டத்துக்கு வீடு கட்டிக்கொண்டது.

இரண்டாவது கதை பம்பாய்ப் பக்கம். இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் ஊருக்கு அருகே ராணுவம் ஓர் இடைத்தங்கல் முகாம் போட்டது. 2,126 பேரக்குகள், 1,173 தனிக் குவார்ட்டர்ஸ்கள். நடுவில் பெரிய ஹால், இரண்டு கோடியிலும் சிறு அறைகள்: பெரியப்பா சொன்ன அதே லைன். போர் முடிந்ததும் முகாம் வெறிச்சோடியது. அடுத்த இரண்டு வருஷத்தில் நாடு பிளந்தது. சிந்து மாகாணம் முழுதாகப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டதால் சிந்தி இந்துக்களுக்கு இந்தியாவில் தங்களுடையது என்று சொல்ல ஒரு ஜில்லாகூட இல்லை. அவர்களில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இந்தக் காலி முகாமில் கொண்டுவந்து இறக்கினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று அங்கே அடிக்கல் நாட்டி அதற்கு உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டியவர் நம் ராஜாஜி, அப்போது கவர்னர் ஜெனரல்.

அங்கே நடந்ததைப் பிளாக்பர்ன் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வந்தவர்கள் ஹாலைத் தடுத்துத் தடுத்துக் குடும்பத்துக்கு ஒரு துண்டாக்கினார்கள். பிறகு தடுப்பு சுவரானது, வாசல் கடையானது, கடை பட்டறையானது. 1954இல் இடம்பெயர்ந்தோர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. சிந்துவில் விட்டுவந்த சொத்துக்கு ஈடாக இங்கே இருக்கும் இடத்தை எழுதி வாங்க வழி பிறந்தது. பேரக்கு கைமாறி வீடானது அந்தப் பத்திரத்தால். இன்று உல்லாஸ்நகர் ஒரு மாநகராட்சி. ஜீன்ஸ் பேண்ட் தைத்து நாடெங்கும் அனுப்புகிற ஊர். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் பேட்டைகளை இன்றைக்கும் ‘கேம்ப் ஒன்று’, ‘கேம்ப் நாலு’ என்றுதான் சொல்கிறார்கள். முகவரி எழுதும்போது பேரக்கு எண் போடுகிறார்கள். பேரக்கையே இடித்து மூன்று மாடி எழுப்பியவரும் போடுகிறார். பெரியப்பாவின் பெட்டியில் ஊர் இருந்த இடத்தில் இவர்களுக்குப் பேரக்கு எண் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்படி உட்கார்ந்த பிறகு அது முகாம் இல்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது வேறு மாதிரி. 1946 கோடையில், குண்டுவீச்சில் வீடிழந்தவர்களும், போர்முனையிலிருந்து திரும்பி மாமனார் வீட்டு மாடி அறையில் பிள்ளைகுட்டியோடு ஒண்டியிருந்தவர்களும் பொறுமையிழந்து காலி ராணுவ முகாம்களுக்குள் நுழைந்தார்கள். ஸ்கன்தோர்ப் என்ற ஊரில், விமான எதிர்ப்புப் பீரங்கிப் படை விட்டுப்போன முகாமில் முதலில் நுழைந்தது ஒரு சினிமா ஆபரேட்டரின் குடும்பம். அதுவரை அவர்கள் சினிமாக் கொட்டகையிலேயே குடித்தனம் நடத்தியவர்கள். அக்டோபருக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 40 ஆயிரம் பேர். அரைவட்டத் தகரக் கொட்டகைகளைப் போர்வை கட்டித் தடுத்தார்கள், கமிட்டி போட்டார்கள், வாடகை கொடுக்கவும் தயார் என்றார்கள். அமைச்சர் அன்யூரின் பெவன் அவர்களை விரட்டவில்லை; தண்ணீரும் விளக்கும் கொடுக்கச் சொல்லி உள்ளாட்சிகளுக்கு உத்தரவு போனது. சில முகாம்களில் பத்து வருஷத்துக்கு மேலும் ஆள் இருந்தது. ஆனால் அந்த அரசு கொட்டகையை ஒருநாளும் வீடு என்று ஒப்புக்கொள்ளவில்லை. நகராட்சி வீடுகளைக் கட்டக் கட்ட ஆட்களை அங்கே மாற்றியது. அதுவும் நேர்மையான வழிதான். தங்கல் தங்கலாகவே இருந்தது. வீடு தனியாக வந்தது.

இந்தியாவில் இன்று காலி ராணுவக் குடியிருப்பு என்ற பேச்சுக்கு இடமே குறைவு. பாதுகாப்புத் துறையிடம் ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. காலி வீடு கிடையாது. குடும்பத்தோடு இருக்கும் படைவீரர்களுக்கே வீடு பற்றாமல்தான் 2002இல் ஏறத்தாழ 2 லட்சம் வீடு கட்டும் திட்டத்தைத் தொடங்கினார்கள். பெரியப்பா பணியில் இருந்தபோது பெரியம்மாவைக் கூட்டிப்போய் வைத்திருக்கக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது மொத்தமே மூன்று வருஷம். தமிழ்நாட்டில் ராணுவம் விட்டுப்போனது என்று பார்த்தால் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளங்கள்: சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு. எல்லாம் தரை, கூரை இல்லை. சோழவரத்துத் தரையில் பல வருஷம் கார்ப் பந்தயம் விட்டார்கள்.

இந்தத் தலைப்பைத் தமிழில் எடுத்துக்கொண்டால் ஓர் இடத்தைத் தாண்டிப் போக முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில், கதை தலைகீழாக நடந்தது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கு மக்கள் ஷெல்லடியில் ஊரை விட்டு ஓடினார்கள். பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை எல்லாம் உயர் பாதுகாப்பு வலயமாகின. மக்களின் வீட்டில் படை குடியேற, வீட்டுக்காரர் கோணப்புலம் முகாமிலும் சபாபதிப்பிள்ளை முகாமிலும் ஓலைக் கொட்டிலில் இருந்தார். இருந்தார் என்றால் ஒன்றிரண்டு வருஷமில்லை, கால் நூற்றாண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்தவர்கள் உண்டு. போர் 2009இல் முடிந்த பிறகும் 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். காங்கேசன்துறைக் கடற்கரையில் படை ஓர் உல்லாச விடுதியை நடத்தியது. அறை எடுத்துத் தங்கலாம். தங்க வருகிறவர்களுக்குத் திறந்த நிலம், குடியிருந்தவர்களுக்கு மூடிக் கிடந்தது.

2015க்குப் பிறகு துண்டு துண்டாக விட்டார்கள். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் திரும்பியது. அதே வருஷம் முல்லைத்தீவில் கேப்பாப்புலவுக்கு அருகே பிலக்குடியிருப்பில் பெண்கள் குழந்தைகளோடு விமானப்படை முகாமின் வாசலில் உட்கார்ந்தார்கள். ஜனவரிக் கடைசியில் உட்கார்ந்தவர்கள் பனியிலும் வெயிலிலும் ஒரு மாதம் எழுந்திருக்கவில்லை. மார்ச் 1 அன்று கேட் திறந்தது. வலிகாமத்தில் திரும்பிப் போன பலர் பார்த்தது ஓடில்லாத கூரை, நிலை பெயர்த்த வாசல், அல்லது கிணறு மட்டும். கிணற்றை வைத்துத்தான் வீடு எங்கே இருந்தது என்று அளந்தார்கள். காலியான ராணுவக் குடியிருப்பு என்ற சொற்றொடர் அவர்கள் காதில் எப்படி விழும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தப் போரில் கடல் கடந்து வந்தவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? முதலில் மண்டபம். இந்தச் சொல் இங்கேயும் துரத்துகிறது. இது ராமநாதபுரத்து ஊர்ப்பெயர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களை அனுப்புவதற்கு முன் நிறுத்திவைத்துச் சோதித்த முகாம் அங்கே இருந்தது. போனவர்களின் பேரப்பிள்ளைகள் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தபோதும் அதே முகாம். 1983க்குப் பிறகு அகதிகளாய் வந்தவர்களுக்கும் அதே முகாம். அங்கிருந்து பிரித்து அனுப்பியதில் எங்கள் ஜில்லாவுக்கு ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர். திருவாதவூர் அழகர்மலைக்குத் தென்கிழக்கே, மேலூர்ப் பக்கம். மாணிக்கவாசகர் பிறந்த ஊரில் பல வருஷத்து முகாம். 2021இல் சட்டமன்றத்தில் 7,469 புது வீடுகள் கட்ட 231 கோடி ரூபாய் அறிவித்தார்கள். வீடுகள் எழுந்தன; ஓட்டைத் தகரத்துக்குக் கீழே இருந்தவர்கள் கான்கிரீட் கூரைக்குக் கீழே வந்தார்கள். பாராட்ட வேண்டிய காரியம். அகதிகள் முகாம் என்ற பெயரையும் அப்போதே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அகதி என்ற சொல் போய்விட்டது. முகாம் என்ற சொல் போகவில்லை. குடியுரிமை கிடைக்காதவரை போகவும் போகாது. சொல்லை மாற்றியவர்களுக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கும்.

கூரை கொடுப்பது இன்று நமக்குப் பெரிய கஷ்டமில்லை. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 2030க்குள் 8 லட்சம் வீடு என்பது இலக்கு. ஆனால் அந்த மண்டபத்து அம்மா அதற்கு விண்ணப்பிக்க முடியாது. பட்டா வேண்டும். பட்டா வேண்டுமென்றால் நத்தம் நிலத்தில் அவருக்கு ஓர் இடம் வேண்டும். அழகர்மலைக்கு அந்தப் பக்கம் நத்தம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. வருவாய்த் துறைக் கணக்கில் நத்தம் என்றால் ஜனம் வீடு கட்டிக் குடியிருக்க ஒதுக்கிய நிலம். எந்த ஊர் நத்தத்தில் அவருக்குப் பங்கு? ஒவ்வொரு ஊரும் ‘இவுக நம்ம ஊரு இல்லை’ என்கிறது. கிராமத்தில் வீடில்லாமல் இருப்பது பெரும்பாலும் செங்கல் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. யார் பக்கத்தில் யார் குடியிருக்கலாம் என்கிற விஷயம். அதை அறிந்துதான் முதல் சமத்துவபுரத்தை 1998இல் திருமங்கலம் பக்கத்து மேலக்கோட்டையில் திறந்தபோது நூறு வீட்டையும் சாதிவாரியாகக் கலந்து ஒதுக்கினார்கள். ஒரு ராணுவ லைனைக் கிராமத்து ஓரத்தில் திறந்துவிட்டாலும் அது நாலைந்து வருஷத்தில் இன்னொரு சேரியாகவோ இன்னொரு முகாமாகவோ ஆகிவிடும் என்றே நினைக்கிறேன்.

அழகர்கோவிலுக்குள் நுழையும்போது வெளிக்கோட்டை மதிலைத் தாண்டித்தான் போக வேண்டும். அழகாபுரிக் கோட்டை என்பார்கள். உள்ளே இருப்பது இரணியன் கோட்டை. மதில் பல இடங்களில் சரிந்து, கல்லிடுக்கில் ஆலங்கன்று. உள்ளே முடிக்காமல் விட்ட ராயகோபுரத்தின் அடித்தளம், குரங்குகள், தோசைப் பிரசாதக் கடை. காவலுக்கு இப்போது பதினெட்டாம்படிக் கருப்பன் மட்டும்தான். அடைத்த கதவுக்கு முன்னால் ஜனம் நின்று, வரப்புத் தகராறையும் வாங்கிய கடனையும் சொல்லிச் சத்தியம் செய்கிறது. அந்தக் கதவுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல ஆளுக்குத் துணிச்சல் வராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாய்க்கு வந்ததை எழுதிக் கையெழுத்துப் போடுகிற அதிகாரிகளையும் வருஷத்துக்கு ஒருமுறை அங்கே கூட்டிவந்து நிறுத்தினால் தேவலை.

சித்ரா பௌர்ணமி சில வருஷம் ஏப்ரல் கடைசியில் வரும். ஆற்றில் இறங்கி, தேனூர் மண்டபம் பார்த்து, ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம் காட்டி, அழகர் மலைக்குத் திரும்பும் அந்த வாரத்திலேயே மே 1 வந்துவிடும். அன்று தமிழ்நாட்டு ஊராட்சி எல்லாவற்றிலும் கிராமசபை கூடுகிறது. உங்கள் ஊர்க் கூட்டத்துக்குப் போனால் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் ஊர் எல்லைக்குள் மண்டபத்திலும் களத்திலும் மோட்டார் ரூமிலும் இருக்கிற குடும்பங்கள் எத்தனை, நத்தத்தில் அவர்களுக்கு எத்தனை சென்ட் அளந்து கொடுக்கலாம்? கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அந்த மண்டபத்துக் குடும்பம் திருவிழா முடிந்து உள்ளே போய்விட்டது. சுவரில் வெள்ளை இன்னும் புதுசாக இருக்கிறது. கார்டு வரவில்லை.